அட்டை கோள் சொல்லும்: குயர் இளையோர் நாவல் வாசிக்க கிண்டில் பேப்பர்வைட்டா, கோபோ கிளாரா கலரா?

அமேசானின் கிண்டில் மின்நூல் கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனால் போதும். திரும்பி வருவதற்குள் நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்று வீட்டுக்கே தெரிந்திருக்கும். 'டிஸ்பிளே கவர்' வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கருவி தூங்கும்போது நூலின் அட்டை திரை முழுக்க வந்து உட்கார்ந்துகொள்கிறது. இ-இங்க் (மின்மை) திரைக்குப் படத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், மாற்றிய படத்தைப் பிடித்து வைக்க வேண்டாம். அதனால் அந்த அட்டை இரவெல்லாம் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். துப்பறியும் கதை என்றால் யாருக்கு என்ன? இளையோருக்கான குயர் (தன்பாலீர்ப்பு, மாற்றுப் பாலின அடையாளம் கொண்டவர்களின்) காதல் நாவல்களின் அட்டைக்கோ ஒரு வாடிக்கை உண்டு: வெளிர் நிறப் பின்னணி, வரைந்த இரண்டு பையன்கள் அல்லது இரண்டு பெண்கள், எதிரெதிராக, விரல் தொட்டும் தொடாமலும். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும்.

திரை வெளிச்சம், பக்கம் திரும்பும் வேகம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே கேள்வி வேறு. கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மூன்று அறை அடுக்குமாடியில், தம்பி தங்கையோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, குயர் காதலும் குடும்பமும் பண்பாட்டு அடையாளமும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் நாவல்களை வாசிக்கிறவருக்கு எது தோது? பதினாறு வயதில் படிவம் நான்கில் இருக்கிறவரை மட்டும் சொல்லவில்லை. அந்த வயதில் இப்படி ஒரு நூல் கையில் சிக்காமல் முப்பத்தைந்தில் தேடிப் பிடித்து வாசிக்கிறவர்களும் இந்த வகைக்கு நிறையவே உண்டு.

எடுத்துக்கொண்ட கருவிகள் இரண்டு. 2024 அக்டோபரில் வந்த பன்னிரண்டாம் தலைமுறை கிண்டில் பேப்பர்வைட்: 7 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 211 கிராம், 16 ஜிபி. 2024 ஏப்ரலில் வந்த கோபோ கிளாரா கலர்: 6 அங்குல வண்ணத் திரை, 174 கிராம், அதே 16 ஜிபி. இரண்டிலும் எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி. கோபோவில் வண்ணம் வந்ததும் அது 150 ஆக இறங்கிவிடும். இரண்டுக்கும் ஐபிஎக்ஸ்8 நீர்த்தடுப்பு, யுஎஸ்பி-சி. மின்கலம் வாரக்கணக்கில் தாங்கும். அதிலெல்லாம் சண்டை இல்லை.

முதலில் அட்டை. கிண்டிலில் 'செட்டிங்ஸ்' உள்ளே, பொதுவாக 'டிவைஸ் ஆப்ஷன்ஸ்' அடியில், 'டிஸ்பிளே கவர்' இருக்கும். அதை அணைத்தால் பேனா, பென்சில் மாதிரியான பொதுப் படங்கள் வரும். விளம்பரத்தோடு மலிவாக விற்கிற ரகத்தில் அட்டை வரவே வராது, விளம்பரம்தான் வரும். கோபோவில் 'எனர்ஜி சேவிங் அண்ட் பிரைவசி' பகுதிக்குப் போய் 'ஷோ கரண்ட் ரீட்' குறியை எடுத்துவிட வேண்டும். இதைத் தனியுரிமை என்ற தலைப்பின் கீழ் வைத்ததற்கே கோபோவுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தரலாம். ஆனால் மறந்துவிட்டால் அதிகம் மாட்டிக்கொள்வதும் கோபோவில்தான், ஏனென்றால் அது அட்டையை வண்ணத்தில் காட்டும். அணைத்த பிறகும் நூலகப் பக்கம் அட்டைகளைக் கட்டம் கட்டமாக அடுக்கித்தான் காட்டும். பட்டியல் பார்வைக்கு மாற்றினால் அட்டை நகத்தளவுக்குச் சிறுத்துவிடும். கிண்டிலின் முகப்பில் 'இதுபோல் இன்னும் சில' என்று வரிசை கட்டும் பரிந்துரைகளையும் அமைப்பில் நிறுத்திவைக்கலாம். இதெல்லாம் தொல்லை என்றால் ஒரு காந்த மூடி உறை வாங்கிப் போடுங்கள். மூடினால் தூங்கும், திறந்தால் விழிக்கும்.

கருவியை விடக் கணக்குதான் பெரிய வில்லங்கம். நம் வீடுகளில் அமேசான் கணக்கு பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அப்பாவின் கடன் அட்டை, அண்ணனின் மின்னஞ்சல், எல்லாரும் அதிலேயே சவாரி. அந்தக் கணக்கில் ஒரு நாவல் வாங்கினால் ரசீது அண்ணனின் மின்னஞ்சலுக்குப் போகும். அம்மாவின் டேப்லெட்டில் கிண்டில் செயலி இருந்தால், அங்கே 'ஆல்' என்ற பகுதியிலும் அதே அட்டை வந்து நிற்கும். பதறிப்போய் உங்கள் கருவியில் 'ரிமூவ் டவுன்லோட்' கொடுத்தால் இறக்கிய கோப்பு மட்டுமே போகும், பட்டியலில் அட்டை அப்படியே இருக்கும். முழுக்க எடுக்க, உலாவியில் கணக்கைத் திறந்து 'கன்டென்ட் அண்ட் டிவைசஸ்' பக்கத்தில் நிரந்தரமாக அழிக்கலாம். அழித்தால் போனதுதான், மறுபடி வேண்டுமென்றால் மறுபடி காசு. அவ்வளவு செய்தும் ஆர்டர் வரலாற்றில் தலைப்பு நிற்கும்.

ஆகவே தனிக் கணக்கு, அதற்குப் பரிசு அட்டை மூலம் பணம். இதுதான் ஒழுங்கான வழி. ஒரு முடிச்சும் இருக்கிறது. அமேசான் விதிப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலர் துணையோடுதான் சேவையைப் பயன்படுத்தலாம். அதனால் பள்ளி மாணவருக்கு, வீட்டில் மனம் திறந்த ஒரு பெரியவர் கூட நின்றால்தான் வண்டி ஓடும். கோபோவும் இதில் உசத்தி இல்லை. ஒரு கருவி, ஒரு கணக்கு, அவ்வளவுதான். கிண்டிலில் பிள்ளைகளுக்கான தனிப் பகுதி உண்டு, அதுவும் பெற்றோர் பார்வையில் இருப்பது. மொத்தத்தில் குடும்பம் என்றால் ஒரே வாசகர் என்று எண்ணிச் செய்த கருவிகள் இவை.

நகல் தடுக்கும் பூட்டில்லாத, இபப் என்ற பொது மின்நூல் வடிவக் கோப்பு கையில் இருந்தால் கணக்குச் சிக்கலே வேண்டாம். கோபோ இபப்பை நேரடியாகத் திறக்கும். கம்பி வழியாகப் போட்டால் கோப்பு கருவியோடு நின்றுவிடும். கிண்டிலுக்கு 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்ப வேண்டும். இணையப் பக்கம் வழியாக 200 எம்பி வரை, மின்னஞ்சல் என்றால் 50 எம்பி வரை. அப்படி அனுப்பியது கணக்கின் ஆவணப் பட்டியலிலும் போய்ச் சேரும் என்பதை மறக்க வேண்டாம். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. இன்னொருவர் கணக்கில் வாங்கி வைத்து, அவரோடு மனத்தாங்கல் வந்தால் நூல்களும் அவரோடு போய்விடும்.

அட்டைக்கும் கணக்குக்கும் அடுத்து, யாரும் பேசாத இரண்டு தடயங்கள். கிண்டிலில் ஒரு சொல்லை அழுத்திப் பிடித்து அகராதியில் பார்த்தால், அது 'வொகாபுலரி பில்டர்' பட்டியலில் ஏறும், அந்தச் சொல் வந்த நூலின் பெயரோடும் வாக்கியத்தோடும். 'பைசெக்சுவல்' என்ற சொல்லுக்கு ஒருமுறை பொருள் பார்த்தவர் நூலை அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பார், பட்டியல் சும்மா இருக்காது. வாசிப்பு அமைப்பில் இதை அணைக்கலாம், ஏறியதை ஒவ்வொன்றாக நீக்கலாம். இரண்டாவது, அடிக்கோடு. கிண்டிலில் நீங்கள் வண்ணமிட்ட ஒவ்வொரு வரியும் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற சாதாரண உரைக் கோப்பில் தேதி, நேரத்தோடு சேர்கிறது. நூலை நீக்கினாலும் கோப்பு நீங்காது, அடிக்கோட்டை அழித்தாலும் ஏற்கெனவே எழுதியது மறையாது. கணினியில் செருகி அந்தக் கோப்பையே அழிக்க வேண்டும். கோபோ இந்த விவரங்களை மறைந்த கோப்புறையில் ஒரு தரவுத்தளத்துக்குள் வைக்கிறது. தேடி எடுக்க முடியாது என்றில்லை, ஆனால் எதேச்சையாகத் திறந்து வாசிக்க வாய்ப்பு குறைவு.

கிண்டிலுக்குக் கடவுஎண் போடலாம். மறந்துவிட்டால் அந்த இடத்தில் 111222777 என்று அழுத்த வேண்டும். பூட்டு திறக்காது, கருவி முழுக்க வெறுமையாகிவிடும். வாங்கிய நூல்களைத் திரும்ப இறக்கலாம், கம்பி வழியாகப் போட்டவை போய்விடும். ஒன்று மட்டும்: தொலைக்காட்சி ரிமோட் மாதிரி எல்லாரும் எடுத்துப் புழங்கும் வீட்டில், புத்தகம் வாசிக்கும் பலகைக்கு மட்டும் பூட்டு என்றால் அதுவே பேச்சாகும். உறையும் அட்டை நிறுத்தமும் போதும் என்பது இந்த மதிப்புரையின் கட்சி.

இனி நூல்களுக்கு வருவோம். குயர் இளையோர் புனைவு ஒரே அச்சில் வார்த்ததல்ல. உரைநடை, செய்யுள் நாவல், வரைகதை, முழுக்கக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலுமாக ஓடுகிற கதை என்று கலந்து வரும். உரைநடைக்கு இரண்டு கருவியும் சரிதான். மற்ற மூன்றில்தான் கோளாறு.

செய்யுள் நாவலில் வரி எங்கே உடைகிறது என்பதுதான் மூச்சு. எழுத்தைப் பெரிதாக்கினால் எட்டுச் சொல் வரி ஐந்தாவது சொல்லிலேயே மடங்கிக் கீழே விழும். ஆசிரியர் உடைத்தது எது, கருவி உடைத்தது எது என்று தெரியாமல் போகும். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லும் காட்சியில் ஒற்றைச் சொல்லாக நிற்க வேண்டிய வரிக்கு மேல், முந்தைய வரியின் வால் இன்னொரு ஒற்றைச் சொல்லாகத் தொங்கினால், அடுத்து வரும் மௌனம் வீணாய்ப் போகும். பேப்பர்வைட்டில் ஓர எல்லையைக் குறைத்து, எழுத்தை இரண்டு படி இறக்கினால் பெரும்பாலும் சரியாகும். அதுவும் போதாவிட்டால் திரையைப் படுக்கைவாட்டுக்குத் திருப்பலாம். 7 அங்குலம் கைகொடுக்கும் இடம் இது. 6 அங்குலத்தில் கொஞ்சம் திண்டாட்டம்தான்.

குறுஞ்செய்தி அத்தியாயங்களைச் சில பதிப்பகங்கள் எழுத்தாக வைக்காமல் படமாக ஒட்டிவிடுகின்றன. அப்போது எழுத்தளவை எவ்வளவு கூட்டினாலும் உரையாடல் மட்டும் எறும்பு ஊர்ந்தாற்போலவே இருக்கும். இருட்டு முறையில் வாசித்தால் அந்தத் துண்டு மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டுப் பக்கத்தில் படுத்திருக்கும் தங்கையை எழுப்பிவிடும். வாங்குமுன் மாதிரியை இறக்கிப் பாருங்கள். மாதிரியில் ஒரு குறுஞ்செய்திப் பகுதியாவது இருந்தால், எழுத்தளவைக் கூட்டிக் குறைத்தாலே படமா எழுத்தா என்று தெரிந்துவிடும்.

வரைகதைக்குக் கணக்கு போட்டாலே போதும். அச்சில் ஒரு பக்கம் ஏறக்குறைய 15 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். கிளாரா கலரின் திரை 9-க்கு 12. அதாவது பக்கம் 58 விழுக்காடாகச் சுருங்கும். பேப்பர்வைட்டில் 68 விழுக்காடு. பேச்சுக்குமிழில் எழுத்தின் அளவு 7 பாயிண்ட் என்றால் கோபோவில் அது 4 பாயிண்ட். மருந்துச் சீட்டின் அடியில் இருக்கிற எழுத்து மாதிரி. இருமுறை தட்டிப் பெரிதாக்கலாம், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தட்டிக்கொண்டிருந்தால் எங்கே காதல் வரும்? வண்ணம் இருப்பது நல்லதுதான். கன்னம் சிவப்பது, சேலைக் கரை, கோயில் விளக்கு எல்லாம் இந்தக் கதைகளில் சொல்லாமல் சொல்பவை. ஆனால் கோபோவின் வண்ணம் நான்கு முறை துவைத்த பருத்தித் துணி. வண்ண வடிகட்டி அடுக்கு வெளிச்சத்தை விழுங்குவதால் வெள்ளைப் பக்கமும் லேசாகச் சாம்பல் தட்டும், முன்விளக்கைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால் வரைகதைக்கு இரண்டுமே தேறாது. 10 அங்குல டேப்லெட் இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் கோபோ, அதுவும் குறுகிய பக்க வரைகதைகளுக்கு மட்டும்.

தமிழ் விஷயத்தில் பேப்பர்வைட் முந்துகிறது. 2016 இறுதியிலேயே அமேசான் தமிழ் மின்நூல் விற்கத் தொடங்கிவிட்டதால் எழுத்து ஒழுங்காக விழும். கோபோவில் வெளியிலிருந்து போட்ட தமிழ்க் கோப்பு சில நேரம் கட்டம் கட்டமாக வரும், சில நேரம் அதைவிட மோசமாக வரும். காரணம் எளிது. கணினி எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் 'ளை' என்பது முதலில் ளகரம், பிறகு சங்கிலிக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது வரையும் மென்பொருளின் வேலை. அது அந்த வேலையைச் செய்யாவிட்டால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். சோதிக்க 'அவளை எனக்குப் பிடிக்கும், சொல்லவே பயம்' என்று ஒரு வரி போதும். 'ளை', 'சொ', 'வே' மூன்றும் நேராக வந்தால் மற்றதும் வரும். கட்டம் மட்டும் வந்தால் 'ஃபான்ட்ஸ்' என்று ஒரு கோப்புறை உருவாக்கி நோட்டோ தமிழ் எழுத்துருவைப் போட்டால் சரியாகலாம். கொம்பு இடம் மாறினால் எழுத்துரு உதவாது. கேஓரீடர் என்ற இலவச மென்பொருளை நிறுவ வேண்டும், அல்லது பிடிஎஃப்பாக வாசிக்க வேண்டும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் 6 அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப் தருவது இங்கே பெரிய உதவி. எழுத்துரு பக்கத்திலேயே பதிந்திருப்பதால் கொம்பு நகராது.

தமிழில் இந்த வகையைத் தேடும்போது 'குயர்' என்று மட்டும் தேடினால் போதாது. 'பால்புதுமையர்', 'பால்புதுமையினர்', 'தன்பாலீர்ப்பு', 'திருநர்' என்று நான்கையும் போட்டுப் பாருங்கள். பதின்ம வயதினருக்கென்றே எழுதியவை அரிது, பெரும்பாலும் பெரியவர்களுக்கானவைதான் வரும்.

அதனால் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறார்கள், அமெரிக்கா, கனடா, பிரிட்டன் புலம்பெயர் குடும்பக் கதைகளை. அங்கே அகராதி கைவிரிக்கும். 'சித்தி', 'அத்தை' என்று ஆங்கில எழுத்தில் வருவதை அழுத்தினால் பொருள் இல்லை என்று சொல்லும். நமக்குப் பொருள் தேவையில்லை, ஆனால் நூலுக்குள் தேடும்போது இடிக்கும். 'அத்தை'யை ஒருவர் ஒரு 'டி' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். கருவி எழுத்துக்கு எழுத்து பார்ப்பதால் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. இன்னொன்றும் இந்த நூல்களில் கண்ணில் படும். ஒருவரை ஆண்பால், பெண்பால் சுட்டாமல் ஆங்கிலத்தில் 'தே' என்று அழைப்பதை அப்பா அம்மாவுக்குப் புரியவைக்கவே சில கதைகளில் இரண்டு பக்கம் ஓடும். மலாயில் 'டியா' என்றால் ஆணும் அதுதான், பெண்ணும் அதுதான். வீட்டில் மரியாதைக்கு 'அவங்க'. நாள் முழுக்க இந்த இரண்டும் வாயில் புழங்கும் கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு அந்த இரண்டு பக்கமும் வேற்றூர்ச் சமாசாரம். அந்தக் கதைகளில் பெற்றோர் விமானத்தில் வந்திறங்கியவர்கள், இங்கே கொள்ளுப்பாட்டி கப்பலில் வந்தவர். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு அச்சகம், வெளியீடுகள் சட்டத்தின்படி உள்துறை அமைச்சு ஒரு நூலைத் தடைசெய்யலாம். 2023 பிப்ரவரியில் தடையான மூன்று நூல்களில் இரண்டு சிறுவர் நூல்கள். தடைசெய்த வெளியீட்டைத் தக்க காரணமின்றி வைத்திருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். இறக்குமதி செய்தாலோ விற்றாலோ 3 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். தடை என்பது நூலுக்கு நூல் அரசிதழில் வருவது, ஒரு வகை முழுவதற்கும் வருவதல்ல. சட்டத்தில் 'வெளியீடு' என்பதற்கான விளக்கம் அகலமானது, திரையில் இருந்தால் கணக்கில் வராது என்று நினைக்க வேண்டாம். வாங்குமுன் அமைச்சின் பட்டியலில் தலைப்பைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம்.

விலை. வெளியானபோது பேப்பர்வைட் விளம்பரத்தோடு 159.99 அமெரிக்க டாலர், கிளாரா கலர் 149.99. இங்கே பெரும்பாலும் இணையச் சந்தையில் இறக்குமதியாளர்களிடம் வாங்குகிறார்கள், கடைக்குக் கடை விலை மாறும். மின்நூல் கணக்கில் வெளிநாட்டு மின்னணுச் சேவைக்கான 8 விழுக்காடு சேவை வரியையும் மனத்தில் வையுங்கள், 2024 மார்ச்சுக்கு முன் அது 6. உரைநடை, செய்யுள், தமிழ் மூன்றும் வாசிப்பவருக்கு பேப்பர்வைட், விளம்பரம் இல்லாத ரகம். வீட்டுக் கணக்கை விட்டு விலகி, சொந்த இபப் கோப்புகளோடு இருக்க நினைப்பவருக்கு கோபோ. வண்ணத்துக்காக மட்டும் கோபோ வாங்கினால் ஏமாற்றம்தான்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் விற்பவர் முன்னிலையிலேயே திறந்து, முந்தைய கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீக்காத கருவியை உங்கள் பெயரில் பதிய முடியாமல் போகலாம். பதிந்து முடித்ததும் கணினியில் செருகுங்கள். 'மை கிளிப்பிங்ஸ்' கோப்பில் முந்தையவர் அடிக்கோடிட்ட வரிகள் இன்னும் இருந்தால், வாசிக்காமல் அழித்துவிடுங்கள்.